பின்னால் தள்ளினால் இறுகும்

பாப்பா, உன் நைனா எழுதுகிறேன். இந்தத் தடவை பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதவில்லை. பேனா என் கையில்தான் இருக்கிறது. மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன் என்று போன முறையே சொல்லியனுப்பினேன். நீ நம்பியிருக்க மாட்டாய். இப்போது நம்பு. ஒரு வரி எழுத ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை காலம் உன்னைத் திட்டுவதற்குக்கூட இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது. அவர் என் திட்டில் பாதியை விழுங்கிவிட்டு, ‘மற்றவை நலம்’ என்று முடித்துவிடுவார். இனிமேல் திட்டு முழுசாக வந்து சேரும்.

ஆனால் இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பதில் எழுத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. உன் கடிதத்தை நானே விரல் வைத்துப் படித்தேன். பயிற்சி முகாமில் உனக்குக் கொடுத்த பந்தய சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரம் தளர்ந்துகொண்டே இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கும் லாக் ரிங்கின் திருகு மரை தேய்ந்துவிட்டது, புது ரிங் தேர்வுப் போட்டிக்குள் வராது, அங்குள்ள மெக்கானிக் ‘ஒன்றும் ஆகாது, ஓட்டு’ என்று சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போகிறார் என்று எழுதியிருந்தாய். கடைசியில், ‘கருவியே இல்லாமல் செயினை வைத்து இறுக்குவாயே நைனா, அது எப்படி?’ என்று கேட்டிருந்தாய். ‘ஒன்றும் ஆகாது’ என்கிறவன் ஒருவனும் அந்த வண்டியில் ஏறப் போவதில்லை. அது பிரேக் இல்லாத வண்டி. காலால் எதிர்த்துப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படி எதிர்த்துப் பிடிக்கும் பிடிதான் பல்சக்கரத்தைத் திருகிக் கழற்றுவதும். சுவர் போலச் சரிந்த அந்தப் பந்தயத் தளத்தில், முன்னும் பின்னும் ஆட்கள் உரசிக்கொண்டு போகும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

போனில் சொல்லிவிடலாம் என்று மந்தைவெளி எஸ்.டி.டி. கடைக்கு ஓடினேன். உன்னைக் கூப்பிட ஆள் போய், நீ ஓடி வந்து மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. நீ கேட்டது ஒரே கேள்வி: “சக்கரத்த எந்தப் பக்கம் சுத்தணும் நைனா?” நான் உடனே, “இந்தப் பக்கம்” என்றேன். “எந்தப் பக்கம்?” என்றாய். “அதான்மா, இப்டி” என்று கையைச் சுற்றிக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “பெரியவரே, கை போன்ல போவாது, வாயால சொல்லு” என்று சிரித்தார். அதற்குள் உங்கள் விடுதிக்காரம்மா போனை வாங்கி வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை தடவை செய்த வேலை, அதைச் சொல்ல என் வாயில் ஒரு சொல் இல்லை. என் கைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்துப் பார்க்கிறேன். நந்தனம் மைதானத்தில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பந்தயத்துக்குப் போக வேண்டுமானால் மிதிக்காமலே சக்கரத்தை ஓடவிடும் ப்ரீவீலைக் கழற்றிவிட்டு வெறும் பல்சக்கரம் போட்டு ஓட்டிப் பழகு என்றார். நம் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் பாஷா பாய்தான் போட்டுக் கொடுத்தார். முதல் நாள் நீ தெருவில் ஓட்டியதைப் பார்த்து உன் அம்மா பதறிப்போய், “இன்னாடி இது, சும்மா குந்தினாலும் காலு தன்னால சுத்துது! பேய் புடிச்ச வண்டியா?” என்று கத்தினாள். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலை நிறுத்தினால்தான் சக்கரம் நிற்கும் என்று நீ எவ்வளவு சொல்லியும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் பயந்தது சரியாகத்தான் போயிற்று. நம் சாதாரண சைக்கிளில் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் லாக் ரிங் போட மரையே கிடையாது. நீ எதிர்த்துப் பிடிக்கப் பிடிக்கப் பல்சக்கரம் தளர்ந்தது. பாஷா பாய், “வெல்டிங் வெச்சிடலாம், ஜென்மத்துக்கும் அசையாது” என்றார். உன் மாஸ்டர், பல்சக்கரத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், வெல்டிங் கூடாது என்றார். எனக்கு வந்த எரிச்சலில் குழாய் வேலைக்காரர்கள் செய்கிற மாதிரி மரையில் சணலைச் சுற்றி, வெள்ளை பெயிண்ட் தடவி இறுக்கினேன். காய்ந்ததும் கல் மாதிரி இருந்தது. அடையாறு பாலம் இறங்கும்போது அந்தக் கல் பொடிந்தது, நீ விழுந்தாய். உன் முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கும்.

மறுநாள் காலையில் உன் அம்மா பின்சக்கரத்தை மட்டும் கழற்றித் தரச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அதை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கொட்டிவாக்கத்தில் உன் சித்தி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். கண்டக்டர் சக்கரத்துக்கும் டிக்கெட் கேட்டாராம். “அதுக்கும் சேத்துதான் நான் பாவம் பண்ணிக்கீறேன், குடு” என்று வாங்கிக்கொண்டாளாம். “அது கழலாதுன்னு என்னிக்கி சொல்றியோ அன்னிக்கி போய் எட்தாந்துக்கோ” என்று என்னிடம் சொன்னாள். சக்கரம் இல்லாத சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நீ அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் சாரம் கட்டுகிறவன், பந்தல் போடுகிறவன். ஸ்பேனர் பிடித்த கை இல்லை, கயிறு பிடித்த கை. ஒரு நாள் மயிலாப்பூரில் கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, கயிறு தன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறதே, செயினும் ஒரு கயிறுதானே என்று தோன்றியது. கொட்டிவாக்கம் போய்ச் சக்கரத்தை எடுத்து வந்தேன். பெடல் அச்சு நுழையும் குழாயில் கந்தல் துணியைச் சுற்றி, அதன்மேல் செயினைச் சுற்றி நெரித்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நீ பிடித்துக்கொள்ள, நான் சக்கரத்தை வலித்துத் திருப்பினேன். பல்சக்கரம் செயினில் மாட்டிக்கொண்டு நின்றது, ஹப் மட்டும் முனகிக்கொண்டே நகர்ந்தது. அதற்குப் பிறகு வாரா வாரம் அதே வேலை. உன் அம்மா மட்டும் அந்த வண்டியைத் தொடவே இல்லை. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். நீ கேட்டதை மட்டும் எழுத முடியவில்லை. முதலில் ‘வலது பக்கம் திருப்பு’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான், நான் வண்டிக்கு ஒரு பக்கம் நிற்பேன், நீ எதிர்ப்பக்கம் நிற்பாய் என்பது ஞாபகம் வந்தது. என் வலது உன் இடது. அடித்தேன். ‘முன்னால்’ என்று எழுதினேன். வண்டி தலைகீழாக இருக்கும்போது எது முன்னால்? அடித்தேன். நீ விட்டுப்போன பழைய வண்டியையே எடுத்து வெளியில் கவிழ்த்துப் போட்டு, கையால் செய்து பார்த்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை செய்ததைக் கண் பார்ப்பதற்குள் கை முடித்துவிடுகிறது. நிதானமாகச் செய் என்று கையிடம் சொன்னால் அது என்னைப் போலவே குழம்பி நிற்கிறது. இந்த நேரம் பார்த்து பாஷா பாய் வந்தார். “இன்னா வாத்தியாரே, பொண்ணுக்கு காயிதமா? பரிச்சையா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “இதுல இன்னா கீது? மிதிக்க மிதிக்க இறுகுது இல்ல? மிதிச்சா சக்கரம் முன்னால போவுது. அப்ப சக்கரத்த முன்னால சுத்து. முடிஞ்சுது” என்றார். எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் பார். என் கைக்கு அது சரியில்லை என்று பட்டது. ஆனால் கையை யார் மதிக்கிறார்கள்? பாய் சொன்னதையே அழகாக எழுதினேன்.

நீ இதைப் படித்து வைத்துக்கொள், பாப்பா. தெளிவாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உன் உடம்பு ஒன்று சொல்லி, எதிரில் இருப்பவர் வேறொன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னால், இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வைத்துச் செய்து பார். நான் பார்த்திருக்க மாட்டேன். உன் அம்மாதான் பார்க்க வைத்தாள். கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். கதவில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், “யோவ், அத்த அப்டியே அனுப்பப் போறியா?” என்றாள்.

“ஏன், நல்லாதான எழுதிக்கீறேன்.”

“நல்லாதான் எழுதியிருப்ப. அத்த படிச்சா வேல நடக்குமா? எனக்குப் படி. நான் செஞ்சி பாக்கறேன்.”

அந்த வண்டியை அவள் தொட்டது அப்போதுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நான் படித்தேன். படிக்கும்போதே, “அங்க இல்ல, இப்டி” என்று என் கை நீண்டது. அவள் தட்டிவிட்டாள். “கைய மடிச்சி வெச்சிக்கோ. அங்க நீ இருப்பியா? எழுதினத மட்டும் படி” என்றாள். பாஷா பாய்க்கு ஒரே சிரிப்பு. எழுதியதை மட்டும் படித்தேன். அவள் கடிதம் சொன்னபடியே துணி சுற்றி, செயின் சுற்றி, சக்கரத்தை முன்னால் வலித்துத் திருப்பினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். “இறுகிடுச்சி பாரு” என்றார் பாய். சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். பல்சக்கரம் இரண்டு விரலில் சுழன்று அவள் கையோடு வந்துவிட்டது. அதை என் உள்ளங்கையில் வைத்து, “இந்தா, உன் கடுதாசி” என்றாள்.

பாய், கடையில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டார். அந்தத் தாள் தபாலில் போயிருந்தால், நீ என்னை நம்பி வரிக்கு வரி அதன்படியே செய்திருப்பாய். என் எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, உன் கையாலேயே கழற்றி வைத்துவிட்டு, இறுகிவிட்டது என்று ஏறியிருப்பாய். எழுதத் தெரியாதபோது என்னால் உனக்கு இப்படி ஒரு கெடுதல் செய்ய முடிந்திருக்காது. தாளைக் கிழித்தேன். பேனாவைத் தூக்கி எறிந்தேன், பிறகு கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்தேன். இந்தச் சனியன் பிடித்த மரை, செய்தவன் ஒருவன், திருகுகிறவன் ஒருவன், விழுகிறவள் இன்னொருத்தி என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதத் தெரிந்தாலும் எழுதப் போவதில்லை.

பிறகுதான் உன் அம்மா கேட்டாள். “எதுக்குய்யா வண்டிய கவுத்துப் போடறீங்க?” முதல் நாள் வண்டி ஸ்டாண்டு உடைந்திருந்தது, அதனால் கவிழ்த்தோம். ஸ்டாண்டு போட்ட பிறகும் கவிழ்த்துக்கொண்டே இருந்தோம். “கவுத்தாதான் முன்ன எது பின்ன எதுன்னு கொயப்பம். நிக்க வெச்சி தள்ளேன். வண்டிய முன்னால தள்ளு, பின்னால தள்ளு, அதுல இன்னா கொயப்பம்?” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் நான் செய்கிற வேலையில் அவள் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு இப்படிக் கேட்கிறாளே என்று. ஆனால் எழுந்து நின்று செய்து பார்த்தேன். பல்சக்கரத்தைத் திரும்பத் திருகி, சக்கரத்தைப் பூட்டி, செயினில் பல்சக்கரத்தை மாட்டி நிறுத்திவிட்டு, வண்டியை நிமிர்த்திப் பின்னால் தள்ளினேன். அதே முனகல். கைக்குத் தெரிந்தது இதுதான். பல்சக்கரம் முன்னால் போனால் இறுகும்; அதைப் பிடித்து நிறுத்திவிட்டால் சக்கரம் பின்னால் போக வேண்டும். பாய் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிதான் நம்மைக் கவிழ்த்தது.

ஆகவே இப்போது சொல்கிறேன், கவனமாகப் படி. வண்டியைக் கவிழ்க்காதே, நிற்க வை. செயினைப் பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்திலிருந்து கீழே இறக்கு. பின்பல்சக்கரத்தில் அது மாட்டியபடியே இருக்கட்டும். பெடல் அச்சு நுழையும் குழாயில் தடித்த துணியைச் சுற்று, இல்லாவிட்டால் வண்டி காயப்படும். பின்பல்லின் மேல்பக்கத்திலிருந்து வரும் செயின் விறைப்பாக அந்தக் குழாய்க்கு வர வேண்டும். அதைக் குழாயில் சுற்றி, மிச்சச் செயின் அதன் மேலேயே ஏறி நசுங்கும்படி நெரித்து விடு. பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடு. நாங்கள் அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பில் போட்டோம். பிறகு வண்டியைப் பின்னால் தள்ளு. முதலில் செயின் இழுபட்டு நிற்கும். அதோடு விட்டுவிடாதே, அதற்குப் பிறகு தள்ளுவதுதான் இறுக்குவது. முடிந்ததும் கோட்டைப் பார். பல்சக்கரத்தின் கோடு, வண்டி ஓடும் திசையில், ஹப்பின் கோட்டைத் தாண்டி முன்னால் போயிருக்க வேண்டும். பின்தங்கியிருந்தால் நான் எழுதியதையும் நம்பாதே, உன் நைனா என்று பார்க்காதே, ஏறாதே.

இன்னொன்று. ஆள் ஏறி உட்காராவிட்டால் டயர் வழுக்கும், இறுகாது. நீ தள்ள வேண்டும், இன்னொருவர் சீட்டில் உட்கார வேண்டும். தனியாக முடியாது. உன் கடிதத்தில் அடுத்த கட்டிலில் இருக்கும் பெண் உன்னோடு பேசுவதில்லை, நீயும் பேசுவதில்லை, இரண்டு பேருக்கும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி என்று எழுதியிருந்தாய். அவளைக் கூப்பிடு. வெட்கமாக இருந்தால் என் பெயரைச் சொல், ‘எங்க நைனாவுக்குப் பைத்தியம், இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்’ என்று சொல். அவளும் அதே முகாம் வண்டியைத்தான் ஓட்டுகிறாள். அவளுடையதும் தளர்ந்துதான் இருக்கும். உன்னுடையது முடிந்ததும் அவளுடையதற்கு நீ உட்கார். உன்னை ஜெயிக்க வேண்டியவள் உன்னை ஜெயிக்கட்டும், கழன்ற இரும்பு யாரையும் ஜெயிக்க வேண்டாம். இதை நான் பெரிய மனதோடு சொல்லவில்லை. சரிவில் உனக்கு முன்னால் போகிறவள் அவளாக இருந்தால், அவள் விழுந்தாலும் நீதான் மேலே விழுவாய்.

புதிதாக எழுதிய இந்தப் பகுதியை மறுபடி உன் அம்மாவுக்குப் படித்தேன். கையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, எழுதியதை மட்டும், ஒரு சொல்லும் சேர்க்காமல் படித்தேன். பாஷா பாயைக் கூப்பிட்டுச் சீட்டில் உட்கார வைத்தாள். அவர் வெட்கப்பட்டு, “தங்கச்சி, தெருவே பாக்குது” என்றார். “பாக்கட்டும். ஆடாத குந்து” என்றாள். நான் ‘பின்னால் தள்ளு’ என்று படித்ததும் தள்ளினாள். செயின் நின்றது. “இறுகிடுச்சி, போதும்” என்றேன். “அப்டி எழுதிக்கீதா?” என்றாள். இல்லை, எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, வண்டியோடு சேர்த்துப் பாயையும் சேர்த்துத் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைத்தது. “எம் பொண்ணு வுழக் கூடாது, எம் பொண்ணு வுழக் கூடாது” என்று முனகியது எனக்குக் கேட்டது. பாய்க்கும் கேட்டிருக்கும், அவர் வேறு பக்கம் பார்த்தார். சுண்ணாம்புக் கோடு பிளந்து, பல்சக்கரத்தின் கோடு முன்னால் போயிருந்தது.

சரிதானா என்று பார்க்க நான் அதைக் கழற்ற முயன்றேன். செயினை மாற்றிச் சுற்றி, வண்டியை முன்னால் தள்ளினேன். அசையவில்லை. பாயைத் தள்ளச் சொல்லி நான் சீட்டில் உட்கார்ந்தேன். டயர் வழுக்கியது, பாயின் செருப்பு அறுந்தது, பல்சக்கரம் அசையவில்லை. வண்டியைக் கவிழ்த்து என் பழைய வழியிலும் பார்த்தாயிற்று. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எத்தனை மூங்கில் கட்டு கட்டி அவிழ்த்த கை, பாப்பா! எனக்கு வந்த கோபத்தை எழுத இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். உன் அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்:

“இன்னாயா, கழண்டுதா?”

“இல்ல.”

“அப்ப அத்தயே எழுதி போஸ்ட்ல போடு.”

எழுதிவிட்டேன். போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.